மோட்டார் காரின் மூச்சுக் கதவு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

பெட்ரோல் எஞ்சின் காற்றைச் சுவாசித்து வாழும் ஓர் இயந்திரம். அது காற்றை இழுக்கும் குழாயின் நடுவே வட்ட வடிவமான ஓர் உலோகத் தட்டு உண்டு. தட்டு திரும்பித் திறந்தால் காற்று உள்ளே பாய்ந்து எஞ்சின் வேகமெடுக்கும்; மூடினால் எஞ்சின் அடங்கும். இந்தத் தட்டையும் அதைத் தாங்கும் கூட்டையும் சேர்த்துத் 'திராட்டில் பாடி' என்கிறார்கள். அதை எஞ்சினின் மூச்சுக் கதவு என்று அழைத்தால் தவறில்லை.

முன்பெல்லாம் இந்தக் கதவுக்கும் ஓட்டுநரின் காலுக்கும் இடையே ஓர் இரும்புக் கேபிள் இருந்தது. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் 1988-இல் அறிமுகப்படுத்திய 'ஃபார்முலா மாருதி' பந்தயக் காரில்கூட காலால் அழுத்தினால் கேபிள் இழுபடும், கார்புரேட்டரின் தட்டு திறக்கும். கேபிள் அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். இறுகினால் காலுக்குத் தெரியும். ஏறத்தாழ அதே ஆண்டுகளில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தன் பெரிய கார்களில் கேபிளை நீக்கி மின்சார மோட்டாரால் கதவைத் திறக்கும் முறையைக் கொண்டுவந்தது. இன்று நம் சாலைகளில் ஓடும் புதிய பெட்ரோல் கார்கள் அநேகமாக எல்லாவற்றிலும் அந்த முறையே இருக்கிறது.

இதனால் பழுது பார்க்கும் கலையும் மாறிவிட்டது. பழுது எங்கே என்று கண்ணும் காலும் இனிச் சொல்வதில்லை. ஸ்கேனரில் ஒரு பிழைக்குறி மட்டும் தோன்றுகிறது. குறியில் 'திராட்டில்' என்ற சொல் வந்தவுடனே திராட்டில் பாடியைக் கழற்றி எறிந்து, பல ஆயிரம் ரூபாய்க்குப் புதியது வாங்கிப் பூட்டுவது வழக்கமாகி வருகிறது. வேகத்துக்காக மாற்றியமைத்த கார்களில் இந்த வழக்கம் அடிக்கடி ஏமாற்றத்தில் முடிகிறது. பிழைக்குறி என்பது ஒரு புகார் மனு மட்டுமே. விசாரணை அதற்குப் பிறகுதான் தொடங்க வேண்டும். அந்த விசாரணைக்கு நாம் முதலாண்டு ஆய்வுக்கூடத்தில் கற்ற இயற்பியலே போதும் என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதவின் அமைப்பு

ஆக்சிலரேட்டர் பெடலில் இரண்டு உணர்விகள் (சென்சார்கள் என்றே பட்டறைகளில் சொல்வார்கள்) இருக்கின்றன. கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை அவை மின்னழுத்தமாக மாற்றிக் கட்டுப்பாட்டுக் கணிப்பொறிக்கு அனுப்புகின்றன. கணிப்பொறி அந்த வேண்டுகோளை ஆராய்ந்து, தட்டு எத்தனை பாகை திறக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது. பின்பு திராட்டில் பாடியிலுள்ள சிறிய நேர்மின்னோட்ட மோட்டாருக்கு மின்சாரத்தை விட்டுவிட்டுத் துடிப்புகளாகச் செலுத்துகிறது. மோட்டார் பற்சக்கரங்கள் வழியாகத் தட்டைத் திருப்புகிறது. தட்டின் அச்சில் இன்னும் இரண்டு சென்சார்கள் அமர்ந்து, தட்டு உண்மையில் எங்கே நிற்கிறது என்று திரும்பச் சொல்கின்றன.

மோட்டாருக்கு மின்சாரம் நின்றுபோனால் என்ன ஆகும்? ஸ்பிரிங்குகள் தட்டை இழுத்துச் சில பாகை மட்டும் திறந்த ஒரு நிலையில் நிறுத்திவிடும். அந்த நிலையில் எஞ்சின் அணையாது, வேகமும் எடுக்காது. வண்டியை ஓரங்கட்டவோ மெல்ல வீடு சேர்க்கவோ அது போதும்.

ஒவ்வோர் இடத்திலும் ஏன் இரண்டு சென்சார்? ஒரு சாட்சியின் சொல்லை மட்டும் நம்பி ஒரு மனித உயிரைப் பணயம் வைக்க முடியாது என்பதே காரணம். இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போகும் வரையில்தான் கணிப்பொறி மோட்டாரை இயக்கும். ஒத்துப்போகாவிட்டால் எச்சரிக்கை விளக்கை எரியவிட்டு, எஞ்சினின் சக்தியைக் குறைத்துவிடும்.

பலரும் பயன்படுத்தும் ஒருவகைத் திராட்டில் பாடியில், தட்டு திறக்கத் திறக்க முதல் சென்சாரின் மின்னழுத்தம் ஏறும். இரண்டாவதன் மின்னழுத்தம் இறங்கும். இரண்டுக்கும் 5 வோல்ட்டே மூலம். ஆகவே தட்டு எந்தக் கோணத்தில் நின்றாலும் இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 5 வோல்ட் வரும். இந்த எளிய கூட்டல்தான் நமது விசாரணையின் திறவுகோல். எல்லாக் கார்களிலும் இந்த அமைப்பே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. சிலவற்றில் இரு சென்சார்களும் ஒரே திசையில் வெவ்வேறு சரிவில் ஏறும். சில பெடல்களில் ஒரு சென்சாரின் மதிப்பு மற்றதன் மதிப்பில் சரிபாதியாக இருக்கும். அந்தந்தக் காரின் வரைபடத்தைப் பார்த்த பின்பே மீட்டரைக் கையில் எடுக்க வேண்டும்.

மூன்று கேள்விகள்

ஸ்கேனரில் பிழைக்குறியை மட்டும் படித்துவிட்டு மூடிவிடாமல், கார் ஓடும்போது மூன்று அளவுகளைத் தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும்: பெடல் கேட்டது, கணிப்பொறி கட்டளையிட்டது, தட்டு அடைந்தது. இந்த மூன்றும் கையில் இருந்தால் மூன்று கேள்விகளுக்கு விடை கிடைக்கும்.

முதற்கேள்வி: கால் முழுக்க அழுத்தியிருக்கும்போது கட்டளையே குறைந்ததா? கட்டளை குறைந்து, தட்டும் அதைப் பின்பற்றித் தானும் மூடியிருந்தால், திராட்டில் பாடி சொன்ன வேலையைச் செய்த நல்ல ஊழியன். அதைக் கழற்றுவதில் பயனில்லை. கணிப்பொறி ஏன் அப்படிக் கட்டளையிட்டது என்று ஆராய வேண்டும்.

மாற்றியமைத்த கார்களில் இது அடிக்கடி நிகழ்வது. ஒரு கணக்கைப் பாருங்கள். 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள திராட்டிலை நீக்கிவிட்டு 70 மில்லிமீட்டர் திராட்டிலைப் பொருத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வட்டத்தின் பரப்பு விட்டத்தின் இருபடிக்கேற்ப வளர்வதால், வழியின் பரப்பு சுமார் 36 சதவீதம் கூடிவிடுகிறது. கணிப்பொறியின் நினைவகத்திலோ பழைய கதவின் கணக்கே எழுதப்பட்டிருக்கிறது. இத்தனை பாகை திறந்தால் இவ்வளவு காற்று வரும், இவ்வளவு முறுக்குவிசை பிறக்கும் என்று அது எதிர்பார்க்கிறது. எதிர்பார்த்ததைவிட மிகுதியாக வந்தால், 'ஓட்டுநர் கேட்காத சக்தி பிறக்கிறது' என்று அஞ்சித் தட்டை மூடுகிறது. டர்போ அழுத்தத்தைக் கூட்டிய கார்களிலும் இதே கதைதான். இங்கே தேவைப்படுவது கணிப்பொறியில் உள்ள அட்டவணைகளைப் புதிய கதவுக்கு ஏற்பத் திருத்தும் வேலை. வெறும் ஓட்டத்தில் எஞ்சின் தேவைக்கு மேல் சுழன்று பி 0507 என்ற குறி வந்தால், இந்தப் பொருத்தமின்மையோடு, குழாய் இணைப்புகளில் காற்றுக் கசிவு உண்டா என்பதையும் பார்க்க வேண்டும்.

இரண்டாம் கேள்வி: கட்டளை சரியாக இருக்க, தட்டு பின்தங்கியதா? அப்படியானால் குற்றம் கட்டளையை நிறைவேற்றும் பக்கத்தில் இருக்கிறது. தட்டின் ஓரத்தில் எண்ணெயும் கரியும் படிந்து ஒட்டுகிறதா, அச்சின் புஷ் தேய்ந்துவிட்டதா, பெரிய ரப்பர் குழாயின் கிளாம்பு கூட்டை நெருக்குகிறதா என்று பார்க்க வேண்டும். பின்பு மோட்டாருக்குப் போகும் மின்சாரம். எடையைச் சமன்செய்வதற்காகப் பாட்டரியைப் பின்பெட்டிக்கு மாற்றிய கார்களில், மெல்லிய கேபிளும் சரியாகச் சுரண்டாத தரையிணைப்பும் வில்லனாகிவிடும். எஞ்சின் ஓடும்போது விளக்கு, விசிறி எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் பாட்டரியின் எதிர்முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே மின்னழுத்தம் பார்க்கலாம். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பு சந்தேகத்துக்குரியது. ஓம் மீட்டரில் அதே கேபிள் நல்ல பிள்ளை போலச் சுழியைக் காட்டக்கூடும். பல இழைகளுள் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தாலும் ஓம் மீட்டரின் சிறு மின்னோட்டத்துக்கு அது போதும். சுமையேற்றினால்தான் உண்மை வெளிவரும்.

மூன்றாம் கேள்வி: இரண்டு சாட்சிகளும் முரண்பட்டார்களா? பி 2135 என்ற குறி திராட்டிலின் இரு சென்சார்களுக்குள் முரண்பாடு என்று பொருள்படும். பி 2138 பெடலின் இரு சென்சார்களைப் பற்றியது. பெயர்கள் ஒன்றுபோல் ஒலிப்பதால் பெடலின் புகாருக்குத் திராட்டிலைத் தண்டிப்பவர்களும் உண்டு. எண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

கூட்டல் சொல்லும் ரகசியம்

இப்போது நமது ஆய்வுக்கூடத்துக்கு வருவோம். மின்னழுத்தமானிக் கம்பி வகையைச் சேர்ந்த சென்சாரில் ஒரு மின்தடைத் தடமும் அதன்மேல் வழுக்கிச் செல்லும் ஒரு தொடுமுனையும் இருக்கின்றன. இரு தடங்களும் ஒரே 5 வோல்ட் ஒயரையும் ஒரே தரை ஒயரையும் பங்கிட்டுக்கொள்கின்றன. கணக்குக்கு எளிதாக ஒவ்வொரு தடமும் 2,000 ஓம் என்று கொள்வோம். இணையாக நிற்பதால் இரண்டும் சேர்ந்து 1,000 ஓம்.

தரை ஒயரின் ஒரு மூட்டு துருவேறி 100 ஓம் தடை புகுந்துவிட்டது என்க. மொத்தத் தடை 1,100 ஓம். மின்னோட்டம் சுமார் 4.55 மில்லி ஆம்பியர். அந்த மூட்டில் 0.45 வோல்ட் விழுகிறது. ஆகவே தடங்களின் அடிமுனை சுழியில் நிற்காமல் 0.45 வோல்ட்டில் நிற்கும். இரு சென்சார்களையும் கூட்டினால் இப்போது 5.45 வோல்ட் வரும். அதே 100 ஓம், 5 வோல்ட் ஒயரில் புகுந்திருந்தால் கூட்டுத்தொகை 4.55 ஆகியிருக்கும். தட்டு எந்தக் கோணத்தில் இருந்தாலும் இந்த எண்கள் மாறா. ஒரு சென்சார் ஏறுவதும் மற்றது இறங்குவதும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால் கோணம் கணக்கிலிருந்தே மறைந்துபோகிறது.

இதிலிருந்து ஓர் எளிய விதி பிறக்கிறது.

கூட்டுத்தொகை எல்லாக் கோணத்திலும் ஒரே அளவு மிகுந்திருந்தால் தரை ஒயரைத் தேடு.

எல்லாக் கோணத்திலும் ஒரே அளவு குறைந்திருந்தால் 5 வோல்ட் ஒயரைத் தேடு.

குறிப்பிட்ட ஒரு கோணத்தில் மட்டும் தடுமாறினால் தடம் தேய்ந்துள்ளது. அப்போதுதான் திராட்டில் பாடியை மாற்று.

அளக்கும்போது கனெக்டரைக் கழற்றாமல், அதன் பின்புறமாக மெல்லிய ஊசி முனையை ஒயரின் பக்கமாகச் செருகி அளக்க வேண்டும். கழற்றிவிட்டால் மின்னோட்டமும் நின்றுவிடும், பழுதும் ஒளிந்துகொள்ளும். மீட்டரின் கறுப்பு ஒயர் பாட்டரியின் எதிர்முனையில் இருக்கட்டும். கணிப்பொறியின் சொந்தத் தரையிணைப்பு நன்றாக உள்ளது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளவும். கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வந்துபோகும் தடுமாற்றத்தைச் சாதாரண மீட்டர் காட்டாது. நமது ஆய்வுக்கூடத்தில் உள்ளது போன்ற ஆஸிலோஸ்கோப்பில் அது கூர்மையான பள்ளமாகத் தெரியும். புதிய வகைகளில் தொடுமுனையே இல்லாமல், 1879-இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவைப் பயன்படுத்தும் சென்சார்கள் வருகின்றன. அவற்றில் தடம் தேய்வதில்லை. ஒயரும் கனெக்டரும் பழுதாவது மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

ஒரு பட்டறை அனுபவம்

மாலை வேளைகளில் நான் உதவியாளனாக நிற்கும் பட்டறைக்கு ஒரு கார் வந்தது. செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே திடலில் ஓட்டுவதற்கென்று டர்போ பொருத்தி மாற்றியமைத்த கார். திடலில் நாலைந்து சுற்று ஓடிய பிறகு எச்சரிக்கை விளக்கு எரிகிறது, சக்தி போய்விடுகிறது, பி 2135 குறி வருகிறது என்பது புகார். வேறோரிடத்தில் புதிய திராட்டில் பாடியே மாற்றியிருந்தார்கள். குறியோ மாறவில்லை.

"புதுசு போட்டும் அதேதானுங்க அண்ணா. இன்னொண்ணு வாங்கட்டுமா?" என்றார் உரிமையாளர்.

"இருங்க. மொதல்ல அளந்து பாத்துரலாம்" என்றார் எங்கள் மெக்கானிக் அண்ணன். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, காலேஜுல படிச்சதைக் கொஞ்சம் இங்க காட்டு" என்று மீட்டரை நீட்டினார்.

குளிர்ந்த எஞ்சினில் கூட்டுத்தொகை சரியாக 5.0 வோல்ட். அண்ணன் எஞ்சினை நன்றாகச் சூடேற்றச் சொன்னார். சூடேறிய பின் எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் போட்டுப் பெடலை மெல்ல மெல்ல அழுத்தி அளந்தோம். எல்லாக் கோணத்திலும் 5.4 வோல்ட் காட்டியது. விதிப்படி சந்தேகம் தரை ஒயரின் மேல் விழுந்தது. திராட்டிலின் தரை முனைக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளந்தபோது 0.4 வோல்ட். ஏட்டுக் கணக்கும் மீட்டரும் ஒரே எண்ணைச் சொல்லின.

அண்ணன் ஒயர்க்கட்டைப் பிடித்துக்கொண்டே விரலால் தடவிச் சென்றார். டர்போவின் சூடான குழாய்க்கு அருகே ஓரிடத்தில் விரல் நின்றது. டர்போவுக்கு இடம் விடுவதற்காக ஒயர்களை நீளமாக்கியவர்கள், மூட்டை வெறுமனே முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். டேப் உருகி, செம்பு கறுத்துப்போயிருந்தது. கறுத்த பகுதியை வெட்டி நீக்கி, நல்ல ஒயர் கொடுத்து இறுக்கிப் பற்றவைத்து, சூட்டிலிருந்து விலக்கிக் கட்டினோம். மறுபடி சூடேற்றினோம். 5.0 வோல்ட். கழற்றி மூலையில் போட்டிருந்த பழைய திராட்டில் பாடியையும் பூட்டிச் சோதித்தோம், அதுவும் 5.0 வோல்ட்டே காட்டியது. பழுதைத் தீர்த்தது அரை மீட்டர் ஒயர். எந்த ஒயர் என்று சொன்னது கூட்டல். எந்த இடம் என்று சொன்னது இருபது ஆண்டுப் பழக்கமுள்ள ஒரு விரல். இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் வேலை முடிந்திராது.

செய்யத் தகாதவை

சாவி போட்டிருக்கும்போது திராட்டில் தட்டுக்குள் விரலை விடக் கூடாது. கட்டளை கிடைத்தவுடன் விரலை நசுக்கும் வேகத்தில் அது மூடும்.

திராட்டில் பாடியைக் கழற்றித் துடைத்தாலோ மாற்றினாலோ, அதன் மூடிய எல்லை எது, ஸ்பிரிங் நிறுத்தும் நிலை எது என்பதைக் கணிப்பொறி புதிதாகக் கற்க வேண்டும். பல கார்களில் ஸ்கேனர் வழியாக இந்தப் பாடத்தை நாமே தொடங்கிவைக்க வேண்டியிருக்கும். அப்போது பாட்டரி நல்ல நிலையில் இருக்க வேண்டும். கால் பெடலில் படக் கூடாது. இதைச் செய்யாமல் விட்டுவிட்டுப் புதிய பாகத்தைக் குறை சொல்வது நியாயமாகாது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு ஒன்று உண்டு. பழுதைக் கண்டுபிடிக்க முடியாதபோது, மென்பொருளில் அந்தப் பிழைக்குறியையே அழித்துவிடுவது. அல்லது ஒரு சென்சாரின் அளவையே இரண்டு சென்சார்களின் அளவுபோல் ஜோடித்துக் கொடுத்து விளக்கை அணைப்பது. விளக்கு அணைந்துவிடும். சாட்சி ஒருவரை ஊமையாக்கிவிட்டோம் என்பது ஓட்டுநருக்குத் தெரியாது.

இது வெறும் அச்சமன்று. அமெரிக்காவில் டொயோட்டா கார்கள் தாமாகவே வேகமெடுக்கின்றன என்று புகார்கள் குவிந்தபோது, 2010-இல் அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை நாசா பொறியியலாளர்களின் உதவியை நாடியது. 2011 பிப்ரவரியில் வெளியான அறிக்கை, தட்டு ஆபத்தான அளவுக்குத் தானே திறந்துகொள்ளும்படியான மின்னணுப் பழுது எதையும் தாங்கள் காணவில்லை என்று கூறியது. ஆயினும் புகாருக்குள்ளான ஒரு காரின் பெடல் சென்சாருக்குள், வெள்ளீயத்திலிருந்து மயிரிழை போல வளர்ந்த ஒரு படிகம் இரு சென்சார்களின் இணைப்புகளையும் தொட்டு இணைத்திருந்ததை அவர்கள் கண்டார்கள். இரு சாட்சிகளும் கலந்து பேசிக்கொண்டால் அவர்களின் ஒற்றுமைக்கு மதிப்பில்லை. சாட்சிகள் தனித்தனியே நிற்கும் வரைதான் பாதுகாப்பு. இயற்கை தற்செயலாக வளர்த்த அந்த இழையை, விளக்கை அணைப்பதற்காக நாமே ஒயரால் கட்டிவைக்கலாமா?

மேலும் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அடிப்படைத் தன்மைகளிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. வேகத்தில் ஆசையுள்ள நண்பர்கள் அதைத் திடலோடு நிறுத்திக்கொள்வதே சரி. திடலில் ஓட்டுபவர் தன் உயிரைத் தெரிந்தே பணயம் வைக்கிறார். சாலையில் எதிரே சைக்கிளில் வருபவர் எந்தப் பந்தயத்துக்கும் பெயர் கொடுத்தவரல்லர்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் ஊர்ப் பழமொழி. திருக்குறளில் 'மருந்து' அதிகாரம் படித்தவர்களுக்கும், காரணத்தைக் காணாமல் மருந்து கொடுக்கக் கூடாது என்பது புதிய செய்தியன்று. மின்னழுத்தமானி ஆய்வைத் தேர்வு மதிப்பெண்ணுக்காக மட்டும் எழுதி முடித்துவிடுகிறோம். அடுத்தமுறை அந்தக் கம்பியின்மேல் தொடுமுனையை நகர்த்தும்போது நண்பர்கள் ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்: மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒரு காருக்குள், இதே போன்ற ஒரு தடத்தின் மேல், இதே போன்ற ஒரு முனை நகர்ந்துகொண்டிருக்கிறது. அது சொல்லும் எண்ணை நம்பித்தான் உள்ளே ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கிறது.